வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது? ஸ்டெயின்லெஸ்ஸும் மெல்லுருக்கும் ஒட்டிய தகட்டைக் குழிவாக அழுத்தும் வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

வெல்டிங்கால் ஓரத்தோடு ஓரம் ஒட்டிய தகடு பிரஸ்ஸில் வெடித்தால் பழி முதலில் ஒட்டியவரின் தலையில்தான் விழும். "ஒட்டு சரியில்லை, கரண்டைக் கூட்டிப் பிடி" என்பார்கள். இரு வேறு உருக்குகளை ஒட்டிய தகட்டில் பாதி நேரம் இது பிழையான தீர்ப்பு. ஒட்டு உறுதியாகவே நிற்கும், அதற்குப் பக்கத்தில் வலுக்குறைந்த தகடு தனியே இழுபட்டுக் கிழிந்திருக்கும். கரண்டைக் கூட்டினால் அங்கே சூடு பட்ட பகுதி அகலும், நிலைமை இன்னும் கெடும். ஆகவே டார்ச்சைத் தொடுமுன் வெடிப்பைப் பார்க்க வேண்டும். அது ஒட்டுக்கோட்டுக்கு இணையாக ஓடுகிறதா, குறுக்கே வெட்டுகிறதா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

வேலை இது. திருகோணமலையில் கொட்பே, மூதூர், கிண்ணியாப் பக்கம் மீன் இறக்கும் இடங்களுக்கு மீன் கழுவும் மேசை செய்யும் பட்டறைகளுக்கு வரக்கூடிய ஒரு கோரிக்கையை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். மேசைத் தகட்டின் நடுவே தண்ணீரும் செதிலும் வடிந்து சேர ஒரு வட்டக் குழி வேண்டும்: வாய் விட்டம் 200 மி.மீ, ஆழம் 60 மி.மீ, அடி கிண்ணம் போன்ற வளைவு. மீன் படும் பக்கம் 304 ரக ஸ்டெயின்லெஸ். சட்டத்தோடு ஒட்டுப்படும் பக்கம், மோட்டார் பூட்டும் பக்கம் மெல்லுருக்கு (மைல்ட் ஸ்டீல்). 304 மெல்லுருக்கைவிடப் பல மடங்கு விலை என்பதால் இந்தக் கலப்பைக் கேட்கிறார்கள். இரண்டு தகட்டையும் தட்டையாக இருக்கும்போதே ஒட்டிவிட்டு, பிறகு ஒரே அழுத்தில் குழி எடுப்பது திட்டம். மேசைக்கு நடுவில் குழி, மேசைக்கு நடுவில் ஒட்டு என்று வைத்தால் ஒட்டுக்கோடு குழியின் விட்டத்தின் ஊடாகவே போகும். கீழே வரும் எண்கள் இந்த அளவுகளுக்கும் பாடநூல்களில் உள்ள உலோகப் பண்புகளுக்கும் போட்ட கணக்கில் கிடைத்தவை.

இந்த முறை புதிதல்ல. கார்த் தொழிலில் 1985இல் அவுடி 100இன் தரைத் தகட்டுக்காக ஜெர்மனியில் தகடுகளை லேசரால் ஒட்டி அழுத்தத் தொடங்கினார்கள். இன்று கதவின் உட்தகடு, பக்கச் சட்டம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. அங்கே ஒட்டுக்கோடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். நம் பட்டறையில் இருப்பது டிக் வெல்டிங் (ஆர்கன் வாயுவுக்குள் டங்ஸ்டன் முனையின் மின்வில்லால் உருக்குவது). கோடு அகலம், சூடு அதிகம். விதி மட்டும் ஒன்றே.

முதல் அமைப்பும் அதில் வரும் இரு வெடிப்புகளும்

முதலில் எவருக்கும் தோன்றுவது இரு பக்கமும் 1.0 மி.மீ தகடு போடுவது. தடிப்பு ஒன்றென்றால் டையில் (தகடு உள்ளே இறங்கும் துளையுள்ள அச்சில்) படி வெட்ட வேண்டியதில்லை, தகட்டின் விளிம்பை இறுக்கும் பிடிவளையம் தட்டையாகவே உட்காரும். ஒட்டுவதும் சுலபம்: 1.0 மி.மீ தகட்டை இடைவெளியின்றி நெருக்கி, ஒட்டுக்கம்பி இல்லாமலே வில்லால் உருக்கிச் சேர்த்துவிடலாம். இந்த இரண்டு சுலபங்களுக்கும் ஒவ்வொரு வெடிப்பு காத்திருக்கிறது.

ஒன்று, மெல்லுருக்குப் பக்கத்தில், ஒட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒட்டுக்கு இணையாகக் கீறியது போல் ஓடும். விளிம்பைத் தடவினால் தகடு மெலிந்திருப்பது தெரியும். மற்றது, ஒட்டின் உள்ளேயே தொடங்கி ஒட்டுக்கோட்டைக் குறுக்கே வெட்டும், மெலிவு அதிகம் இராது, சடக்கென்று உடைந்த முகமாக இருக்கும். கிண்ணம் எல்லாப் பக்கமும் இழுபடும் வடிவம் என்பதால் இரண்டும் ஒரே துண்டிலேயே வரலாம். ஒட்டுக்குக் குறுக்கான இழுவையில் மெல்லுருக்கு தோற்கிறது, ஒட்டுக்கு நெடுகான இழுவையில் ஒட்டு தோற்கிறது. முன்னதற்கு மருந்து தகட்டின் தடிப்பில், பின்னதற்கு ஒட்டுக்கம்பியில்.

மெல்லுருக்கு ஏன் தனியே இழுபடுகிறது

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கு இரு புறமும் உள்ள தகடுகள் ஒரே கயிற்றின் இரு துண்டுகள். எந்தக் கணத்திலும் இரண்டிலும் ஒரே விசைதான். எனவே எங்கும் சமமாக இருப்பது தகைப்பையும் (பரப்பின் ஓர் அலகில் விழும் விசை) தடிப்பையும் பெருக்கி வரும் எண். விகாரத்தை, அதாவது நீளும் பங்கை, யாரும் சமமாகப் பங்கிட்டுத் தருவதில்லை.

மெல்லுருக்கு (இழுத்தெடுப்பதற்கான நல்ல வகை, வலிமைக் குணகம் 530 மெகாபாஸ்கல், இழுபட இழுபட எவ்வளவு வன்மை ஏறுகிறது என்று காட்டும் வன்மையேறு சுட்டி 0.26) தாங்கும் உச்சம் 288 மெகாபாஸ்கல் அளவில் வருகிறது. ஆகவே 1.0 மி.மீ தகட்டில் அகலத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 288 நியூட்டன். அந்த உச்சத்தில் அது ஏறத்தாழ 30 சதவீதம் நீண்டிருக்கும், அதற்கு மேல் கழுத்து விழுந்து (ஓரிடம் மட்டும் ஒடுங்கி) கிழியும். 304இன் குணகம் 1275, சுட்டி 0.45. அதன் உச்சம் 568 நியூட்டன். அப்படியானால் மெல்லுருக்கு தன் உச்சமான 288 நியூட்டனில் நிற்கும்போது 304 எவ்வளவு நீண்டிருக்கும்? 4 சதவீதம்தான். இந்த 30க்கு 4 என்ற கணக்கே முழு விவகாரமும்.

இனிக் குழியின் தேவையைப் பாருங்கள். 200 மி.மீ வாயில் 60 மி.மீ ஆழக் கிண்ணத்தின் வளைவு நீளம் 245 மி.மீ. விளிம்பை இறுகப் பிடித்திருந்தால் 45 மி.மீ நீளம் தகடு நீண்டே வர வேண்டும். மெல்லுருக்குப் பக்கத்து 100 மி.மீ தரக்கூடியது 30 மி.மீ, 304 பக்கம் தருவது 4 மி.மீ, கூட்டினால் 34. ஆழம் 52 மி.மீட்டரைத் தொடும்போதே கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. இதுவும் மேல்வரம்புதான். உண்மையில் பஞ்சின் (தகட்டை அழுத்தும் ஆண் அச்சின்) உராய்வு தகட்டின் நடுவைப் பிடித்து வைக்கும், விரைப்பான 304 ஒட்டு ஓரத்தில் மெல்லுருக்கை அகலவாக்கில் சுருங்க விடாது. அந்தக் கட்டுப்பாட்டில் தகடு முழுக்கத் தடிப்பிலிருந்தே நீள வேண்டும். அதனால்தான் கிழிசல் ஒட்டுக்கு அருகில், ஒட்டுக்கு இணையாக வருகிறது; ஆழமும் 52க்கு முன்னரே நின்றுவிடும்.

ஒட்டுக்கோடு இடம் பெயர்வது இதன் அளவுகோல். மெல்லுருக்கு 130 மி.மீ ஆகவும் 304 வெறும் 104 ஆகவும் நீளும்போது ஒட்டு கிண்ணத்தின் நடுவிலிருந்து 13 மி.மீ 304 பக்கம் நகர்ந்திருக்கும். கிழியாத துண்டிலும் இதை அளக்கலாம். பஞ்சின் உச்சியில் ஒரு மையக்குறி குத்தி வைத்தால் ஒவ்வொரு துண்டிலும் அந்தக் குறிக்கும் ஒட்டுக்கும் உள்ள தூரத்தை வெர்னியரால் எடுக்கலாம். இதைவிட மலிவான சோதனை பட்டறையில் கிடையாது.

தடிப்பால் சமன் செய்தல்

மெல்லுருக்கு வலுக்குறைவென்றால் அதைத் தடிப்பாக்க வேண்டும். இதே கணக்கை வெவ்வேறு தடிப்புக்குப் போட்டால் 1.6 மி.மீ மெல்லுருக்கு உச்சம் தொடும்போது 1.0 மி.மீ 304 பக்கம் 15 சதவீதம் நீள்கிறது, மொத்தக் கையிருப்பு 45 மி.மீ, ஒட்டு 7 மி.மீ நகர்கிறது. தேவையும் 45 என்பதால் இது நூலிழையில் நிற்கும் நிலை. 1.8 மி.மீ போட்டால் 304 பக்கம் 25 சதவீதம் நீள்கிறது, கையிருப்பு 55, ஒட்டு 2 முதல் 3 மி.மீ மட்டுமே நகரும். அதுவே இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக உழைக்கும் தடிப்பு. 2.0 மி.மீ ஆனால் நிலைமை தலைகீழ்: மெல்லுருக்கு பலமான பக்கமாகி, முதலில் தோற்பது 304 என்றாகிறது. ஆனால் 304 தோற்குமுன் வெகுதூரம் நீளக்கூடியது என்பதால் கையிருப்பு 70 மி.மீட்டரையும் தாண்டுகிறது.

கையிருப்பு எண் மட்டும் பார்த்தால் 2.0தான் பாதுகாப்பு. ஒரு விடயத்தை மறக்கக் கூடாது: இரண்டின் வன்மையேறு சுட்டியும் வேறு. இழுக்கத் தொடங்கும்போது ஒரு விகிதம், முடிவில் வேறு விகிதம். 2.0 மி.மீ மெல்லுருக்கு 5 சதவீதம் நீண்ட நேரத்தில் 304 பக்கம் ஏற்கனவே 15ஐத் தொட்டிருக்கும். ஆகவே ஆழம் குறைந்த குழிக்குச் சரியான தடிப்பு ஆழமான குழிக்குச் சரியாக வராது. ஆழத்தை மாற்றினால் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

கடையில் 1.8 மி.மீ தேடுவதைவிட 1.6 அல்லது 2.0 கேட்பது நடைமுறை. 1.6 எடுத்தால் மீதியை பிடிவளையத்தில் ஈடுசெய்ய வேண்டும்: 304 பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி, அந்தப் பக்கத்து விளிம்பிலிருந்து 8 மி.மீ உள்ளே வழுக்கி வர விட்டால் தேவை 45இலிருந்து 37 ஆகக் குறைகிறது. பலமான பக்கம் உள்ளே வருவதால் ஒட்டும் நடுவுக்குத் திரும்புகிறது. இதுவே பலர் தலைகீழாகச் செய்வது. கிழிகிற பக்கத்தின் பிடியைத் தளர்த்தலாம் என்று கை போகும். அங்கே தளர்த்தினால் மெல்லுருக்குச் சற்றுத் தப்பும், ஆனால் 304 அசையாமல் நிற்க, ஒட்டு இன்னும் 304 பக்கம் ஒதுங்கிப்போகும்.

ஒட்டு

குறுக்கு வெடிப்புக்கு வருவோம். ஒட்டுக்கம்பி இல்லாமல் 304ஐயும் மெல்லுருக்கையும் பாதிக்குப் பாதி உருக்கினால் கிடைக்கும் உலோகத்தில் குரோமியம் 9, நிக்கல் 4 சதவீதம் அளவில் இருக்கும். ஒட்டு உலோகத்தின் கலவையிலிருந்து அதன் உள்ளமைப்பைச் சொல்லும் ஷேஃப்லர் வரைபடத்தில் இந்தக் கலவை விழுவது மார்ட்டென்சைட் பகுதியில். கடினம், நீளாது. கிண்ணத்தில் ஒட்டும் தன் நெடுகில் சராசரி 22 சதவீதம் நீண்டாக வேண்டும். மார்ட்டென்சைட் கோட்டால் அது முடியாது. தகடு நீளும்போது கோடு நடுவில் முறிகிறது, முறிவு இரு பக்கத் தகட்டுக்குள்ளும் பாய்கிறது.

309எல் கம்பி போட வேண்டும். அதில் குரோமியம் 23 முதல் 25, நிக்கல் 12 முதல் 14 சதவீதம். தாய்த்தகடுகளின் கலப்பு மொத்தத்தில் 30 சதவீதத்துக்குள் நின்றால் கோடு நன்கு நீளும் ஆஸ்டெனைட் என்ற அமைப்பாகவும் அதில் சில சதவீதம் பெரைட் என்ற வேறோர் அமைப்பாகவும் உருவாகும். அந்தச் சிறு பெரைட் சூட்டு வெடிப்பைத் தடுக்கும். 308 கம்பி பட்டறையில் கிடக்கும், அது 304க்கு 304 ஒட்டத்தான். மெல்லுருக்குக் கலந்தால் அதன் குரோமியமும் நிக்கலும் கீழிறங்கி மார்ட்டென்சைட் ஓரத்துக்குப் போய்விடும். கம்பி எதுவென்று சந்தேகம் வந்தால் ஒட்டிய கோட்டில் காந்தத்தை வையுங்கள்: கம்பியில்லா ஒட்டு பலமாகப் பிடிக்கும், 309எல் கோடு மெல்லத்தான் இழுக்கும். (அழுத்திய பிறகு 304இன் வளைவும் சற்றுக் காந்தம் பிடிக்கும். அது இழுபட்டதால் வரும் மாற்றம். தகடு போலி என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம்.)

இடைவெளி 0.5 மி.மீ அளவில் விட்டால்தான் கம்பி உள்ளே இறங்கும். நேர்முனை தகட்டில், டங்ஸ்டன் 1.6 மி.மீ, ஆர்கன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர், 1.0 மி.மீ அளவுக்கு 35 முதல் 50 அம்பியர். வில்லைச் சற்று மெல்லுருக்குப் பக்கம் சாய்க்க வேண்டும். அது சூட்டை 304ஐவிட மூன்று மடங்கு வேகமாகக் கடத்தி விடுகிறது, தடிப்பும் கூட. 304 சூட்டில் மெல்லுருக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும், அதனால் 25 முதல் 30 மி.மீட்டருக்கு ஒரு பொட்டு ஒட்டு வைக்காவிட்டால் தகடு கத்தரிபோல மூடிக்கொள்ளும். அடியில் செம்புப் பட்டை, அதன் பள்ளத்தில் ஆர்கன். ஒட்டின் தொடக்கமும் முடிவும் தகட்டுக்கு வெளியே நீட்டிய துண்டுகளில் இருக்கட்டும், பிறகு வெட்டிவிடலாம். ஒட்டு முடியும் இடத்தில் விழும் சிறு பள்ளம் தகட்டின் விளிம்பில் நின்றால் வெடிப்பு அங்கிருந்தே கிளம்பும்.

உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்று சிலர் மெல்லுருக்குக்குப் பதிலாகச் சிங்க் பூசிய தகட்டைக் கொண்டு வருவார்கள். ஒட்டும் இடத்தில் அது ஆபத்து. சிங்க் 420 பாகையிலேயே உருகி 304இன் மணி எல்லைகளுக்குள் ஊடுருவி அதை நொறுங்க வைக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மயிர்வெடிப்பு பிரஸ்ஸில்தான் வாய் திறக்கும். பூசிய தகடுதான் உண்டென்றால் இரு முகத்திலும் 25 மி.மீ அகலத்துக்குச் சிங்கை முழுக்க நீக்கி, வெள்ளை மெல்லுருக்குத் தெரிந்த பிறகே ஒட்டுங்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது திறந்த கொட்டிலில் ஆர்கன் நிற்காது. வாயு அளவைக் கூட்டினால் சுழற்சி கூடி வெளிக்காற்றையே உள்ளே இழுக்கும். மறைப்புக் கட்டுவதுதான் வழி, அல்லது காற்றெழுமுன் காலையில் ஒட்டி முடிப்பது. வாடை மாதங்களில் பிரச்சினை வேறு: மெல்லுருக்கின் வெட்டு விளிம்பில் ஒரே இரவில் துரு பூக்கும், அது ஒட்டில் துளைகளாக மாறும். விளிம்பை ஒட்டும் நாளிலேயே அரைத்துத் துடைக்க வேண்டும்.

ஒட்டின் மேடு 0.2 மி.மீட்டருக்குள் வரும்வரை அரைக்க வேண்டும். அரைப்புக் கீறல்கள் ஒட்டுக்கு நெடுக ஓடட்டும், குறுக்கே ஓடினால் நெடுகு இழுவையில் ஒவ்வொரு கீறலும் ஒரு வெடிப்பின் வாய். 304இல் மெல்லுருக்குக்குப் பாவித்த அரைசக்கரத்தை வைக்கக் கூடாது.

பெரிய தகட்டில் கை வைக்குமுன் 90 மி.மீ சதுரத் துண்டு ஒன்றை இதேபோல ஒட்டி, 20 மி.மீ பேரிங் குண்டை 27 மி.மீ துளைக்குள் பிரஸ்ஸால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எரிக்சன் சோதனையின் அளவுகள் இவை. நல்ல 1.0 மி.மீ மெல்லுருக்குத் தனியே 10 மி.மீ அளவு இறங்கும். ஒட்டிய துண்டில் வெடிப்பு ஒட்டுக்குக் குறுக்கே வந்தால் கம்பியையும் கலப்பையும் திருத்த வேண்டும். இணையாக வந்தால் ஒட்டு நல்லது, தடிப்பைப் பார்க்க வேண்டும்.

அழுத்துதல்

தடிப்பு வேறானால் ஒரு முகத்தை மட்டம் செய்து, படியை மறுமுகத்துக்குத் தள்ள வேண்டும். இங்கே மீன் கழுவும் உட்பக்கம் மட்டமாக இருக்க வேண்டும், எனவே படி டைப் பக்கம். 1.6க்கு 1.0 என்றால் டை வளையத்தில் 304 பக்கம் 0.6 மி.மீ ஷிம் (மெல்லிய இடைத்தகடு) ஒட்ட வேண்டும், இல்லையேல் அந்தப் பக்கத்தைப் பிடிவளையம் தொடவே தொடாது, விளிம்பு சுருக்கம் சுருக்கமாக மடியும். ஷிம்மின் ஓரம் ஒட்டுக்கோட்டில் நிற்கக் கூடாது. ஒட்டு நகரும் அளவுக்கும் சற்றுக் கூடுதலாக, 10 மி.மீ தள்ளி நிற்கட்டும். நெருக்கி வைத்தால் நகரும் ஒட்டு ஷிம்மில் முட்டி அங்கேயே கிழியும்.

டை வாய் ஆரை 10 மி.மீ. பிடிவளையத்துக்கு 12 எம்12 போல்ட், 8.8 தரம். மெல்லுருக்குப் பக்கம் 80 நியூட்டன் மீற்றர், 304 பக்கம் 30இல் தொடங்கி, உள்ளே வழுக்கிய அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். மரையெல்லாம் ஒரே மாதிரி எண்ணெய் போட்டிருந்தால்தான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. பஞ்சுக்குத் தேவைப்படும் விசை 20 தொன்னை அடுத்து வரும், 50 தொன் பிரஸ் தாராளம்.

வழுக்கலுக்கு எண்ணெய் மட்டும் போதாது. 304 டையில் உரசி ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. 0.1 மி.மீ பொலித்தீன் தாளை இரு முகமும் எண்ணெய் தடவிப் போட்டால் உராய்வும் குறையும், டையில் முன்பு ஒட்டிய மெல்லுருக்குத் தூள் 304இல் பதிவதும் நிற்கும். அந்தத் தூள் பதிந்த தகடு கடலோரத்தில் ஒரு கிழமைக்குள் செம்புள்ளி காட்டும், வாங்கியவர் "இது ஸ்டெயின்லெஸ்ஸே இல்லை" என்பார்.

முதல் துண்டை 40 மி.மீ ஆழத்தில் நிறுத்தி எடுத்து ஒட்டு நகர்ந்த தூரத்தை அளந்துவிட்டுத்தான் தொடர வேண்டும். தகட்டில் முன்கூட்டியே 5 மி.மீ வட்டங்கள் கீறியிருந்தால் ஒட்டோரத்து வட்டங்களின் நீட்சியையும் எடுக்கலாம். 1.0 மி.மீ மெல்லுருக்கு இந்த வகை இழுவையில் 37 சதவீதம் அளவில் கழுத்து விழும் என்பது தகடு இழுபடும் எல்லைக்கான கீலரின் வாய்ப்பாடு. பாதுகாப்புக்கு 10 விட்டு 27இல் நின்றுகொள்வது நல்லது. தடித்த தகட்டுக்கு எல்லை இன்னும் சற்று மேலே போகும், அந்தச் சலுகையைக் கையிருப்பாகவே வைத்திருங்கள். அழுத்தம் விட்டதும் 304 பக்கம் கூடுதலாக மீண்டெழும், விளிம்பு முறுகும். அதை அடித்து நேராக்காமல், சட்டத்தில் பூட்டும்போது இறுக்கி எடுப்பதே மேல்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் தேர்வு: ஒட்டைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். குழியின் நடுவிலிருந்து 140 மி.மீ தள்ளி, டை ஆரையும் தாண்டிய தட்டைப் பகுதியில் ஒட்டு வந்தால் அது இழுபடவே இழுபடாது. கிண்ணம் முழுதும் 304 ஆகும், அதற்குச் சராசரி 22 சதவீதம் பெரிய விடயமல்ல. மெல்லுருக்கு 1.0 மி.மீ ஆகவே இருக்கலாம், ஷிம் வேண்டாம். கூடுதல் செலவு 140 மி.மீ அகலத்துக்கு 304 தகடு. ஒன்றிரண்டு மேசைக்கு அந்தக் காசு ஒரு கிழிந்த தகட்டின் இழப்புக்குள் அடங்கிவிடும். ஒட்டு குழியின் ஊடாகப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போதுதான் தடிப்புக் கணக்கும் பிடிவளைய விளையாட்டும்.

கடைசியாகப் பெயின்ட். கடல்நீர் படும் மேசையில் 304உம் மெல்லுருக்கும் ஒட்டி நிற்கும் இடம் ஒரு மின்கலம், அதில் கரைவது மெல்லுருக்கு. அதனால் மெல்லுருக்குக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது வழக்கம், அதுதான் பிழை. பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் பெரிய 304 பரப்பின் முழுத் தாக்குதலும் அந்தச் சிறு கீறலில் குவிந்து ஓட்டை போட்டுவிடும். ஒட்டைத் தாண்டி 304 மேல் குறைந்தது 50 மி.மீ வரை எபொக்சிப் பூச்சை இழுங்கள். மீன் படும் மேல்முகத்தில் பூச்சு வேண்டாம் என்றால் மேசையின் அடிமுகத்திலாவது அப்படிச் செய்து, மேல்முகத்தில் ஒட்டும் மெல்லுருக்கும் தண்ணீர் வடியும் பாதைக்கு மேலே நிற்கும்படி தகட்டைச் சரித்துப் பூட்ட வேண்டும்.